மலையின் வயிற்றிலிருந்து எடுத்த கற்கள் யாருக்குச் சொந்தம்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொட்டித் தீர்த்த மழையில் மலையகத்தின் சரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று விழுந்தன. நாடு முழுவதிலும் 600 இற்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அந்த அனர்த்தத்தில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களே பேரிழப்பைச் சந்தித்தன. மழை ஓய்ந்து முகாம்களில் கூடிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் முதலில் கேட்ட கேள்வி நிவாரணப் பொதியைப் பற்றியதன்று. மீண்டும் லயத்திற்குத் திரும்பிப் போகலாமா, போகக் கூடாதா என்பதே அவர்களது கேள்வி. இக்கேள்விக்கு விடை கூறும் பொறுப்பு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தினுடையது. அதன் உத்தியோகத்தர் வந்து பார்த்து, இடம் அபாயமானது என்றோ அபாயமற்றது என்றோ எழுதிக்கொடுத்துச் செல்கின்றார். அந்த ஒற்றை வரியிலேயே ஒரு குடும்பத்தின் எதிர்காலம் தங்கியிருக்கின்றது.

அந்த வரி எந்த ஆதாரத்தின்மேல் எழுதப்படுகின்றது என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அக்குடும்பத்திற்கு உண்டா என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா. உத்தியோகத்தர்களின் திறமையிலோ நேர்மையிலோ எமக்கு ஐயமில்லை. குறைந்த ஆளணியுடன் அவர்கள் ஆற்றிய பணி பாராட்டுக்குரியது. எமது கவலை வேறு. மலையகத்தின் நிலத்திற்கு அடியில் என்ன இருக்கின்றது என்பதை அறிவதற்குப் பொதுப் பணத்தில் பல தசாப்தங்களாகத் துளைகள் இடப்பட்டு வந்துள்ளன. அணைகளுக்காகவும், நீர்மின் சுரங்கப்பாதைகளுக்காகவும், வீதிகளுக்காகவும், மண்சரிவு ஆய்வுக்காகவும் இடப்பட்ட அத்துளைகளிலிருந்து கிடைத்த அறிவு ஒரே இடத்தில் சேரவில்லை. சேர்ந்த அளவும் அந்நிலத்தின்மேல் வாழ்பவர்களின் கைக்கு எட்டவில்லை.

நிலத்தடி ஆய்வு எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைச் சற்று விளக்கவேண்டும். நுனியில் வைரம் பதித்த வளையத்தைக் கொண்ட குழாயொன்றைச் சுழற்றி நிலத்தினுள் இறக்குவார்கள். குழாயின் நடுவே அகப்பட்டுக்கொள்ளும் பாறை, உருளை வடிவத் தண்டாக மேலே வருகின்றது. அதனை மரப்பெட்டிகளில் வரிசையாக அடுக்கி, எந்த ஆழத்தில் எடுக்கப்பட்டது என்று குறித்து வைப்பார்கள். அத்தண்டு எத்தனை துண்டுகளாக உடைந்து வந்திருக்கின்றது என்பதே ஒரு செய்தி. 10 சென்ரிமீற்றருக்குக் குறையாத துண்டுகளின் மொத்த நீளம் தோண்டிய நீளத்தில் எத்தனை வீதம் என்று கணக்கிட்டுப் பாறையின் உறுதியை மதிப்பிடும் முறையை உலகெங்கும் பொறியியலாளர்கள் கையாளுகின்றனர். பின்னர் துளையினுள் அமுக்கத்துடன் நீரைச் செலுத்தி, பாறை அதனை எவ்வளவு வேகமாகக் குடிக்கின்றது என்று அளப்பார்கள். வெடிப்புகள் நிறைந்த பாறை நீரை விழுங்கிவிடும். அத்தகைய பாறையை ஊடறுத்துச் சுரங்கம் வெட்டினால், மேலேயுள்ள கிணறுகளின் நீர் சுரங்கத்துள் இறங்கிவிடக்கூடும்.

எமது மலைநாட்டுக்கு இது மிகவும் பொருந்தும். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலப்பரப்பு பழைமை மிக்க படிகப் பாறைகளாலானது. மத்திய மலைநாட்டில் சார்னொக்கைற்று, குவாட்சைற்று, பளிங்குக்கல் முதலான பாறைகள் பட்டைபட்டையாக மாறிமாறிக் கிடக்கின்றன. ஒரு பட்டை நீரைத் தடுத்து நிறுத்தும், அடுத்தது வழிவிடும். அவற்றின்மேல், காலங்காலமாகச் சிதைவடைந்த மண்ணும், உயரத்திலிருந்து உருண்டு வந்து தங்கிய கலப்பு மண்ணும் மூடியிருக்கின்றன. லயன்கள் பல கட்டப்பட்டிருப்பது இந்த மூடுமண்ணின்மேல்தான். அதன் தடிப்பு 3 மீற்றரா 30 மீற்றரா என்பது தேயிலைச் செடிகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய காரியமல்ல.

துளையிட்டுப் பெற்ற அறிவு என்ன நன்மை செய்யும் என்பதற்கு ஹட்டனுக்கு அருகிலேயே சான்றுண்டு. 1992 இல் வட்டவளைக்கும் ரொசல்லைக்கும் இடையில் மலையகப் புகையிரதப் பாதையைத் தாக்கிய மண்சரிவை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சரிவு மழைதோறும் மீண்டும் அசைந்தது. நிலத்தடியை ஆராய்ந்தபோது, ஆழத்தில் தேங்கிய நீரின் அமுக்கமே மண்ணைத் தள்ளுகின்றது என்பது புலப்பட்டது. அதன்படி ஆழமான வடிகால் துளைகள் இடப்பட்டு நீர் வெளியேற்றப்பட்டதும் சரிவு கட்டுக்குள் வந்தது. நிலத்தடியைப் பற்றிய சரியான தகவல் இல்லாதிருந்தால் மேலே தடுப்புச் சுவர்களைக் கட்டிக்கட்டி உடையவிட்டுக் கொண்டிருந்திருப்போம். அந்த ஆய்வு அறிவியற் கூட்டங்களில் வெளியிடப்பட்டு வெளிநாட்டு நூல்களிலும் எடுத்துக்காட்டப்படுகின்றது. அதே சரிவைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பாடசாலைகளில் அதைப்பற்றி ஒரு பக்கம் கூடத் தமிழில் கற்பிக்கப்படுவதில்லை.

மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தைப் பார்ப்போம். ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்டு 2012 இல் திறந்துவைக்கப்பட்ட இத்திட்டம் 150 மெகாவாற் வலுவுடையது. தலவாக்கலையில் அணைகட்டித் தேக்கிய நீர், தேயிலைத் தோட்டங்களுக்கு அடியால் ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கத்தினூடாகச் சென்று, நிலத்துள்ளேயே குடையப்பட்ட மின்நிலையத்தை அடைகின்றது. சென். கிளயார் நீர்வீழ்ச்சி வற்றிவிடும் என்ற கவலையே அக்காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. அரசியல்வாதிகளும் சுற்றாடல் அமைப்புகளும் நீர்வீழ்ச்சிக்காக வாதிட்டதில் தவறில்லை. ஆனால், சுரங்கம் செல்லும் தடத்தின்மேல் குடியிருந்தவர்களின் பீலித் தண்ணீரைப் பற்றியும் சுவர்களைப் பற்றியும் அந்த அளவு பேசப்படவில்லை. 13 கிலோமீற்றர் நீளத்திற்கு மலையை ஊடறுத்துச் சென்ற ஒரு சுரங்கம், புவிச்சரிதவியலாளர் ஒருவருக்கு விரித்து வைத்த புத்தகம் போன்றது. எந்த இடத்தில் பாறை நொறுங்கியது, எங்கே நீர் ஊறியது என்பவையெல்லாம் வேலை நடக்கும்போதே நாள்தோறும் குறிக்கப்படும். அப்பதிவுகள் மின்சார சபையின் கோப்புகளில் உறங்குவதைக் காட்டிலும், அதே பள்ளத்தாக்கில் மண்சரிவு அபாயத்தைக் கணிப்பவர்களின் மேசையில் இருப்பதல்லவா பயன்தரும்?

இந்த வினாவை வெறும் ஆராய்ச்சியாளர் விவகாரமாக எண்ணுவோர் பண்டாரவளைக்குச் சென்று பார்க்கவேண்டும். 2008 இல் ஈரானிய உதவியுடன் தொடக்கிவைக்கப்பட்ட உமா ஓயா பல்நோக்கு அபிவிருத்தித் திட்டம், வெலிமடைப் பக்கத்து நீரை மலையைக் குடைந்து தென்கிழக்கின் வரண்ட நிலங்களுக்குத் திருப்புவதையும் 120 மெகாவாற் மின்னுற்பத்தியையும் நோக்கமாகக் கொண்டது. நிலத்திலிருந்து பல நூறு மீற்றர் ஆழத்தில் 15 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளமான சுரங்கப்பாதை வெட்டப்பட்டது. 2014 டிசம்பரில் சுரங்கத்தினுள் பாறை வெடிப்புகளின் வழியே நீர் பீறிட்டது. மேலே கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீடுகளின் சுவர்களும் தரைகளும் பிளந்தன. பாதிப்புற்ற வீடுகள் ஆயிரக்கணக்கானவை. மரக்கறி விளைந்த வயல்கள் காய்ந்தன. 2017 இல் நீர் மீண்டும் பெருகியபோது பண்டாரவளை நகரமே வீதிக்கிறங்கியது. கடையடைப்பில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதம் இருக்கவில்லை. கிணறு வற்றியவனுக்கு இனம் ஏது? வெளிநாட்டு நிபுணர்கள் அழைக்கப்பட்டனர், குடிநீர் தாங்கிகளில் கொண்டுசெல்லப்பட்டது, நட்டஈடு வழங்கப்பட்டது. இறுதியில் 2024 ஏப்ரல் 24 இல் அன்றைய ஈரானிய ஜனாதிபதி இப்ராஹிம் ரைசியின் முன்னிலையில் திட்டம் திறக்கப்பட்டது.

உமா ஓயாவின் சுற்றாடல் அறிக்கையைப் பற்றியும், போதிய நிலத்தடி ஆய்வு செய்யப்படவில்லை என்ற குற்றச்சாட்டைப் பற்றியும் ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. நாம் சுட்டிக்காட்ட விரும்புவது அதிகம் பேசப்படாத ஒரு பக்கத்தை. சுரங்கம் வெட்டத் தொடங்குவதற்கு முன்னர் அத்தடத்தின் துளைப் பதிவுகள் எவருக்கும் திறந்திருந்தால், பேராதனையிலோ மொறட்டுவையிலோ உள்ள ஓர் ஆய்வாளர் அவற்றைப் பார்த்து, இங்கே நீர் தாங்கும் வெடிப்புப் பாறை இருக்கின்றது என்று எச்சரித்திருக்கக்கூடும். எச்சரிக்கை ஏற்கப்பட்டிருக்குமா என்பது வேறு கேள்வி. வீடு வெடித்த பின்னரும் பதிவுகள் முக்கியமானவையே. எனது கிணறு வற்றியதற்குச் சுரங்கமே காரணம் என்று நட்டஈடு கோரும் ஓர் ஏழை விவசாயி அதனை எதைக்கொண்டு நிறுவுவான்? சான்று முழுவதும் எதிர்த்தரப்பின் பெட்டகத்தில் இருக்கும் வழக்கு அது.

சமனலவெவ அணையின் கதையும் இதே வகையானதே. சுண்ணக்கல் பொந்துகள் நிறைந்த கரையில் அமைந்த அந்த நீர்த்தேக்கம் 1992 இல் ஒழுகத் தொடங்கியது; இன்றும் ஒழுகுகின்றது. அன்றுமுதல் அங்கு சேர்ந்த நிலத்தடித் தரவுகள் ஒரு பல்கலைக்கழகத் துறைக்கே பாடநூலாகப் போதுமானவை.

பிற நாடுகளில் நிலைமை எவ்வாறுள்ளது? 2015 இன் முற்பகுதியில் சர்வதேச ஆழ்கடல் துளையிடல் திட்டத்தின் கப்பலொன்று வங்காள விரிகுடாவில் 8 பாகை வட அகலாங்கை ஒட்டி, அதாவது எமது கிழக்குக் கரைக்கு நேர் எதிரே ஆழ்கடலில், தொடராகத் துளைகளை இட்டது. இமயமலையிலிருந்து கங்கையும் பிரமபுத்திராவும் அடித்துவந்து கொட்டிய வண்டலில் பருவமழையின் வரலாற்றை வாசிப்பது அதன் நோக்கம். பயணம் முடிந்து கப்பல் கொழும்பிலேயே கரையணைந்தது. ஆழ்கடல் துளையிடலில் கிடைக்கும் மாதிரிகள் ஜப்பானின் கொச்சி, ஜேர்மனியின் பிறேமன், அமெரிக்காவின் டெக்சாஸ் ஆகிய இடங்களிலுள்ள களஞ்சியங்களில் குளிரூட்டிப் பேணப்படுகின்றன. பயணத்தில் பங்குகொண்ட விஞ்ஞானிகளுக்கு ஓராண்டு முன்னுரிமை. அதன்பின் தரவுகள் உலகுக்கே பொது. தகுந்த ஆய்வு நோக்கத்தைக் காட்டினால் மாதிரியிலும் ஒரு துண்டை வெட்டி அனுப்புவார்கள். ஆக, மட்டக்களப்புக்கு அப்பால் கடலடியில் எடுத்த மண்ணை ஒரு பேராதனை மாணவி ஜப்பானுக்கு எழுதிப் பெற்றுக்கொள்ளலாம். தலவாக்கலையில் அவளது பெற்றோரின் லயத்திற்கு அடியில் எடுத்த கல்லைப் பெறுவதற்கு யாருக்கு எழுதுவது என்று அவளுக்குச் சொல்லக்கூடியவர் இல்லை.

பிரித்தானியாவில் இது சட்டமாகவே உள்ளது. கனியங்களைத் தேடி 100 அடிக்கு மேல் துளையிடும் எவரும் அதனை அறிவிக்கவேண்டும், குறிப்பேடு பேணவேண்டும், பாறை மாதிரிகளைக் குறித்த காலம் பாதுகாத்து அரச புவிச்சரிதவியல் அளவைக்குக் காட்டவேண்டும் என்று அங்கு 1926 இலேயே விதித்துவிட்டார்கள். இன்று கீவேர்த் என்ற ஊரிலுள்ள களஞ்சியத்தில் பல நூறு கிலோமீற்றர் நீளமான பாறைத் தண்டுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன; பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட துளைகளின் பதிவுகள் தொகுக்கப்பட்டு, அவற்றுட் பெரும்பாலானவற்றை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அந்த 1926 இல் எமது மலைகளை ஆண்டவர்களும் தோட்டங்களை நடத்தியவர்களும் அவர்களே. தேயிலைச் சட்டங்களையும் தொழிலாளர் சட்டங்களையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்கள் இதை மட்டும் கொண்டுவர மறந்துபோனார்கள்.

அண்டை நாட்டிலும் உதாரணம் உண்டு. மகாராஷ்டிரத்தின் கொய்னா நீர்த்தேக்கத்தை அண்டி 1967 டிசம்பரில் ஏற்பட்ட நிலநடுக்கம் ஏறக்குறைய 200 பேரைக் கொன்றது. தேக்கிய நீரே நிலநடுக்கத்தைத் தூண்டியதா என்பதை ஆராய்வதற்காக இந்திய புவி அறிவியல் அமைச்சு அங்கு பல துளைகளை இட்டது. 2017 இல் ஒரு துளை 3 கிலோமீற்றர் ஆழத்தை எட்டியது. கராட் நகரில் இதற்கெனத் தனி ஆய்வுகூடமே உண்டு. 2023 டிசம்பரில் இந்திய சுரங்க அமைச்சு தேசிய புவி அறிவியல் தரவுக் களஞ்சியம் ஒன்றையும் இணையத்தில் திறந்தது. விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டிய கிராமங்களில் 2020 இன் பிற்பகுதியில் சிறு அதிர்வுகள் அடுத்தடுத்து உணரப்பட்டு மக்கள் அச்சமுற்றதை நினைவுகூர்ந்தால், கொய்னாவின் பாடம் எமக்கு அந்நியமானதல்ல என்பது விளங்கும்.

பகிர்தல் எமக்கு முற்றிலும் பழக்கமில்லாதது என்றும் கூறிவிட முடியாது. பல்லேகலையில் இயங்கும் நில அதிர்வுப் பதிவு நிலையம் உலக வலையமைப்பின் ஓர் அங்கம். அதன் பதிவுகளை உலகின் எம்மூலையிலிருந்தும் எவரும் பெற்றுக்கொள்ளலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990 இல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் தொடங்கிய மண்சரிவு அபாய வரைபடங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கின்றது. இன்னும் பின்னோக்கிப் போனால், 1903 இல் ஆரம்பமான இலங்கைக் கனியவியல் அளவையின் முதற் பணிப்பாளர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியே என்பதும் குறிப்பிடத்தக்கது. கலை வரலாற்றாசிரியராகவே நாம் அறிந்த அவர், அதற்கு முன்னர் மலைமலையாக நடந்து கல் பொறுக்கியவர். தமது அளவையின் அறிக்கைகளை அவர் அச்சிட்டு வெளியிட்டார். அன்று வாசிக்க விரும்பியவர் வாசிக்கலாம்.

தரவுகளைத் திறந்துவிடுவதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களையும் பார்க்கவேண்டும். மக்கள் பீதியடைவார்கள் என்பது முதலாவது. 2014 ஒக்டோபர் 29 இல் மீரியபெத்தையில் லயன்களோடு மக்கள் மண்ணுள் புதையுண்ட பின்னர் இக்காரணத்தை எவரேனும் சொல்வாராயின் அது வேதனைக்குரியது. அங்கு 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. அதிகாரிகளிடையே கடிதங்கள் பரிமாறப்பட்டன. மாற்று நிலம் காட்டப்படவில்லை. ஏன் வெளியேறவேண்டும் என்பது அம்மக்கள் நம்பும்படி விளக்கப்படவுமில்லை. காரணம் சொல்லப்படாத எச்சரிக்கையை, தம்மைக் காணியிலிருந்து கிளப்புவதற்கான சூழ்ச்சியாகக் கருதும் நிலையில்தான் மலையக மக்களின் வரலாறு அவர்களை வைத்திருக்கின்றது. இரண்டாவது காரணம் ஒப்பந்தக் கம்பனிகளின் வர்த்தக இரகசியம். கனிய வளத்தைத் தேடுபவருக்கு அது ஓரளவு பொருந்தலாம். அதற்கும் குறித்த சில ஆண்டுகள் என்று எல்லை வகுக்கலாம். பொதுப் பணத்தில் கட்டிய அணைக்கும் வீதிக்கும் என்ன இரகசியம்? அணைகளின் பாதுகாப்பு என்ற மூன்றாவது காரணத்தில் நியாயமுண்டு. மின்நிலையத்தின் உள்ளமைப்பு வரைபடங்களை எவரும் கேட்கவில்லை. பாறையின் தன்மையை அறிந்து அணையை உடைத்த பயங்கரவாதியை உலகம் இன்னும் காணவில்லை.

சட்டத்தின் நிலை என்ன? புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தை உருவாக்கிய 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் பிரதானமாகக் கனியங்களை அகழ்பவர்களையே நோக்குகின்றது. அணை, சுரங்கப்பாதை, வீதி ஆகியவற்றுக்காகத் துளையிடுபவர் தமது பதிவையும் மாதிரியையும் அப்பணியகத்தில் ஒப்படைக்கவேண்டும் என்று ஒரு பிரிவு சேர்க்கப்படுவது அவசியம். குழாய்க்கிணறு தோண்டும் நீர்வளச் சபையும் இதில் அடங்கவேண்டும். மரப்பெட்டிகளை வைப்பதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. கூரை ஒழுகாத களஞ்சியம் ஒன்றும், பெட்டியின் இலக்கத்தை இழக்காமல் பேணும் இரண்டு உத்தியோகத்தர்களும் போதும். மழையில் நனைந்து இலக்கம் அழிந்த பாறைத் தண்டு வெறும் கருங்கல்தான். ஒரு மீற்றர் தோண்டுவதற்குச் செலவான பணம் அத்தோடு போயிற்று.

சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கவேண்டியதுமில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு, பாரிய திட்டமொன்று ஆரம்பிப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே அதுபற்றிய தகவல்களைப் பொதுமக்களுக்கும், குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறியத்தருவது பொறுப்பான அமைச்சரின் கடமை என்கின்றது. இச்சட்டத்தை எமது சமூகம் போதியளவு பயன்படுத்தவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தோட்டத் தலைவர்கள், பள்ளிவாசல் நிருவாக சபைகள், ஆலய பரிபாலன சபைகள், ஆசிரியர்கள் ஆகியோர் தத்தமது ஊரின் துளைப் பதிவுகளைக் கோரி விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம். பதிலையும் தமிழில் கோரலாம். தொழில்நுட்ப அறிக்கைகள் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன என்பது உண்மை. அவற்றின் முடிவை இரண்டு பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் தருவதற்கு மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை ஒரு காரணமாகாது. அறிக்கைக்கு இலட்சக்கணக்கில் செலவிடுவோர் இரண்டு பக்கத்திற்கும் செலவிடலாம்.

இவ்விடயம் இப்போது அவசரமாவதற்குக் காரணமுண்டு. டித்வாவுக்குப் பின்னரான மீள்கட்டுமானத்தில் வீதிகளும் பாலங்களும் புகையிரதப் பாதையும் திருத்தப்படும்போதும், புதிய குடியிருப்புகளுக்கு நிலம் தெரிவு செய்யப்படும்போதும், மலையகம் முழுவதிலும் நிலம் மீண்டும் துளைக்கப்படும். தோட்டக் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச் காணி என்று 2015 இன் பின்னர் அரசாங்கங்கள் மாறிமாறிக் கூறிவந்தன. அந்த 7 பேர்ச் எந்தச் சரிவில் ஒதுக்கப்படுகின்றது என்பதை அளப்பவர் தீர்மானிக்கிறார். தோட்டக் காணியைக் குத்தகைக்கு வைத்திருக்கும் கம்பனி எந்தத் துண்டை விட்டுக்கொடுக்க விரும்புகின்றது என்பதும் அதில் செல்வாக்குச் செலுத்துகின்றது. தேயிலை விளையாத சரிவுதான் வீட்டுக்கு ஒதுக்கப்படும் என்ற அச்சம் தோட்டங்களில் நிலவுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. காணி உறுதியுடன் அந்த நிலத்தின் ஆய்வு அறிக்கையின் பிரதியொன்றும் இணைத்து வழங்கப்படுமாயின், வீட்டைப் பெறுபவர் தனது வீட்டுக்குக் கீழே எத்தனை மீற்றரில் பாறை தொடங்குகின்றது என்பதை முதல் நாளே அறிந்துகொள்வார்.